மின்சாரக் களஞ்சியங்கள்: தென் ஆஸ்திரேலியாவின் அனுபவமும் விவசாயிகள் அறிய வேண்டியவையும்

விளைந்த நெல்லை எல்லாம் களத்திலேயே விற்றுச் செலவழித்துவிடும் குடியானவனைப் புத்திசாலி என்று எவரும் சொல்லமாட்டார்கள். சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டியதைக் குதிரிலும் களஞ்சியத்திலும் சேர்த்து வைத்து, வேண்டிய மாதத்தில் எடுத்துச் செலவிடுவதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு. ஐப்பசி மாதத்தில் பெய்யும் மழையை ஏரியில் தேக்கி, தை மாதத்துப் பயிருக்கு மதகைத் திறந்து விடுவதும் இந்த ஒரே தத்துவத்தைச் சார்ந்ததுதான். நெல்லுக்கும் நீருக்கும் வைக்கோலுக்கும் ஏற்பட்ட இந்தச் சேமிப்பு முறை மின்சாரத்துக்கு மட்டும் வெகு காலம் ஏற்படாமல் இருந்தது. சமீப காலத்தில் லித்தியம் பாட்டரிகளைக் கொண்ட பெரும் மின்சாரக் களஞ்சியங்கள் பல தேசங்களிலும் நிர்மாணிக்கப்பட்டு வருகின்றன. இவற்றில் பல, கிராமப்புறங்களில், பயிர் நிலங்களுக்கு அருகிலேயே அமைகின்றன. ஆகையால் இவற்றின் தன்மையையும், இவற்றால் விளையும் நன்மை தீமைகளையும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

மின்சாரத்தின் இயல்பு

கிணற்றுப் பம்பை ஓட்டும் மின்சாரம் அந்தக் கணத்தில் எங்கோ ஓர் உற்பத்தி நிலையத்தில் பிறந்து, அந்தக் கணத்திலேயே செலவாகிறது. பல உற்பத்தி நிலையங்களையும் எண்ணிறந்த ஊர்களையும் ஒன்றாகப் பிணைக்கும் கம்பித் தொடருக்கு மின்தொகுப்பு என்று பெயர். இத்தொகுப்பில் உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு விநாடியும் சமமாக இருந்தாக வேண்டும்.

செக்கு மாட்டின் நடையைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செக்கில் பாரம் கூடினால் மாட்டின் நடை தளர்கிறது. பாரம் குறைந்தால் நடை விரைகிறது. அவ்விதமே, மின்சாரச் செலவு உற்பத்திக்கு மேற்பட்டால் உற்பத்தி யந்திரங்களின் சுழற்சி வேகம் குறைகிறது. செலவு குறைந்தால் வேகம் கூடுகிறது. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மின்னோட்டம் விநாடிக்கு 50 தடவை அலைவதாக அமைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு சிறிது வித்தியாசப்பட்டாலும் யந்திரங்களுக்குக் கேடு விளையும் என்பதால், அளவு மீறியவுடன் காவல் சாதனங்கள் தாமே இயங்கி இணைப்பைத் துண்டித்துவிடுகின்றன. ஒரு நிலையம் துண்டிக்கப்பட்டால் மற்றவற்றின் மீது பாரம் ஏறுகிறது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடக்கூடும்.

நிலக்கரியால் ஓடும் நிலையத்தில் அதிகாரிகள் வேண்டியபோது கரியைக் கூட்டியும் குறைத்தும் போடலாம். காற்றும் வெயிலும் மனிதனுடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நடுப்பகலில் மிகுந்து கிடைக்கும் சூரிய மின்சாரம், வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் அடியோடு இல்லாமற்போகிறது. ஆகையால் காற்று, சூரிய மின்சாரங்கள் பெருகப் பெருக, சேமிப்பின் அவசியமும் பெருகுகிறது.

பழைய சேமிப்பு முறை

மின்சாரத்தைச் சேமிக்கும் முறைகளில் மிகவும் பழக்கமானது, மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு கீழணையிலிருந்து மேலணைக்கு நீரை ஏற்றி, வேண்டும்போது அந்நீரை இறக்கி மின்சாரம் எடுப்பதாகும். தமிழ்நாட்டில் ஆனைமலையிலுள்ள கடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இம்முறையில் வேலை செய்து வருகிறது. மேல் ஆழியாற்று நீர்த்தேக்கத்திலிருந்து கடம்பாறை நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் ஏற்றப்படுகிறது. இந்நிலையத்தின் சக்தி 400 மெகாவாட்.

இம்முறை உறுதியானது, நெடுங்காலம் நிலைப்பது. ஆயினும் இதற்கு மலையும் இரண்டு அணைகளும் வேண்டும். கட்டி முடிக்கப் பல வருஷங்கள் செல்லும். சமவெளியில், தேவைப்படும் இடத்திலேயே, சில மாதங்களில் நிறுவக்கூடிய சாதனம் பாட்டரிதான்.

ஏரியும் மதகும்

பாட்டரியின் அளவைச் சொல்லும்போது இரண்டு எண்கள் கூறப்படுவது வழக்கம். இவற்றை ஏரியோடு ஒப்பிட்டு அறிந்துகொள்ளலாம். ஏரியில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு என்பது ஒன்று. மதகின் வழியாக ஒரு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் பாயும் என்பது மற்றொன்று. பாட்டரியின் கொள்ளளவு யூனிட் கணக்கில் சொல்லப்படும். மதகின் அகலத்துக்கு ஒப்பான சக்தி கிலோவாட் அல்லது மெகாவாட் கணக்கில் சொல்லப்படும். ஆயிரம் கிலோவாட் கொண்டது ஒரு மெகாவாட்.

ஐந்து குதிரைச் சக்தியுள்ள மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு உத்தேசமாக 4 யூனிட் செலவழிக்கிறது என்று கொள்ளலாம். 100 மெகாவாட் சக்தியும் 1,29,000 யூனிட் கொள்ளளவும் கொண்ட ஒரு பாட்டரி, அத்தகைய மோட்டார்கள் 25,000-ஐ ஒரே சமயத்தில் ஓட்டும். ஆனால் ஒரு மணி 17 நிமிஷத்தில் அது காலியாகிவிடும். இந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் கேட்டு வியப்பதோ ஏளனம் செய்வதோ தவறு.

தென் ஆஸ்திரேலியாவில் நேர்ந்த இருள்

மேற்சொன்ன அளவுள்ள பாட்டரி தென் ஆஸ்திரேலியாவில் நிறுவப்பட்டதன் வரலாறு அறியத்தக்கது. அம்மாகாணத்தில் மழை குறைவு. 1865-ம் வருஷத்தில் ஜார்ஜ் காய்டர் என்ற நில அளவை அதிகாரி, அவ்வருஷத்துப் பெரும் பஞ்சத்தின் அடையாளங்களைக் குதிரை மீது ஏறிச் சென்று கண்டறிந்து, தானியச் சாகுபடிக்கு ஏற்ற நிலம் இவ்வளவு தூரந்தான் என்று தேசப்படத்தில் ஒரு கோடு வரைந்தார். நல்ல மழை பெய்த சில வருஷங்களை நம்பி அக்கோட்டுக்கு வடக்கே கோதுமை விதைத்தவர்கள் பின்னர் நிலங்களைக் கைவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அவர்கள் விட்டுச்சென்ற இடிந்த கல்வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

அக்கோட்டுக்குத் தெற்கே, தலைநகரான அடிலெய்டிலிருந்து சுமார் 125 மைல் வடக்கில், ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூர் இருக்கிறது. கோதுமையும் ஆட்டுரோமமும் அதன் பிரதான விளைபொருள்கள். சமீப காலத்தில் அப்பிரதேசத்துக் குன்றுகளில் காற்றும் ஒரு விளைபொருளாயிற்று. ஹார்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் 99 காற்றாலைகள் நாட்டப்பட்டன. அவற்றின் மொத்தச் சக்தி சுமார் 315 மெகாவாட்.

2016-ம் வருஷம் மே மாதத்தில் அம்மாகாணத்தின் கடைசி நிலக்கரி மின்சார நிலையம் போர்ட் அகஸ்டா என்ற ஊரில் மூடப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பர் 28-ம் தேதி பெரும் சூறாவளி வீசியது. உயரழுத்தக் கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்கள் இருபதுக்கு மேற்பட்டவை சாய்ந்தன. கம்பிகளில் அடுத்தடுத்துக் கோளாறு நேர்ந்ததைக் கண்டு, காற்றாலைகள் பலவற்றிலுள்ள காவல் சாதனங்கள் உற்பத்தியைக் குறைத்துவிட்டன. சில விநாடிகளில் 456 மெகாவாட் குறைந்தது. அக்குறையை நிரப்ப அண்டை மாகாணமான விக்டோரியாவிலிருந்து மின்சாரம் பெருகி வந்தது. அப்பாரத்தைத் தாங்காமல் அந்த இணைப்பும் துண்டிக்கப்பட்டது. பிற்பகல் 4 மணி 18 நிமிஷத்துக்கு மாகாணம் முழுவதும், 8,50,000 இணைப்புகளும், இருளில் ஆழ்ந்தன. பெரும்பாலான இடங்களுக்கு அன்றிரவே மின்சாரம் திரும்பியது. கோபுரங்கள் சாய்ந்த பகுதிகளை நம்பிய ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை.

இதற்குக் காற்றாலைகளே காரணம் என்று ஒரு சாராரும், புயலே காரணம் என்று மற்றொரு சாராரும் வாதாடினர். பின்னர் நடந்த விசாரணையில் இரண்டு வாதங்களிலும் ஓரளவு உண்மை இருந்தது தெரியவந்தது. கோபுரங்களைச் சாய்த்தது புயல். ஆனால் எத்தனை கோளாறுகளுக்குப் பின் உற்பத்தியைக் குறைப்பது என்று காற்றாலைகளில் அமைக்கப்பட்டிருந்த நிர்ணயம் பொருத்தமற்றதாக இருந்தது. அது மின்தொகுப்பை நடத்துவோருக்கு முன்னதாகத் தெரியவும் இல்லை. அந்நிர்ணயங்கள் பிறகு மாற்றப்பட்டன. உற்பத்தி திடீரெனக் குறையும்போது கணப்பொழுதில் கைகொடுக்கும் ஒரு சாதனம் வேண்டும் என்பதும் யாவருக்கும் விளங்கிற்று.

ஜேம்ஸ்டவுன் பாட்டரி

2017-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், டெஸ்லா கம்பெனியின் தலைவரான எலான் மஸ்க், ஒப்பந்தம் கையெழுத்தான 100 நாட்களுக்குள் 100 மெகாவாட் பாட்டரியை நிறுவித் தருவதாகவும், தவறினால் கிரயம் வேண்டாம் என்றும் பகிரங்கமாக அறிவித்தார். மாகாண சர்க்கார் இதனை ஏற்றது. நியோயென் என்ற பிரெஞ்சுக் கம்பெனி பாட்டரிக்கு உரிமையாளர்; டெஸ்லா கம்பெனி அதனை நிறுவியது. நாள் கணக்கு செப்டம்பர் மாத இறுதியில் தொடங்கியது. டிசம்பர் 1-ம் தேதி பாட்டரி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கணக்கு தொடங்கிய நாளிலேயே பாதி வேலை முடிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுவது நியாயம். அவ்விதமிருப்பினும், ஒரு மின்சார நிலையம் இவ்வளவு விரைவில் எழுந்தது அதுகாறும் காணாத விஷயமே.

ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளின் அருகே, சிறிய நிலப்பரப்பில், வெள்ளை நிறப் பெட்டிகள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டன. கிரயம் சுமார் 9 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதன் 100 மெகாவாட்டில் 70 மெகாவாட்டை மின்தொகுப்பின் பாதுகாப்புக்கென்று சர்க்கார் ஒதுக்கிக்கொண்டது. எஞ்சிய 30 மெகாவாட்டை மின்சாரம் மலிந்த நேரத்தில் நிரப்பி, விலை ஏறும் நேரத்தில் விற்கக் கம்பெனிக்கு உரிமை இருந்தது.

அம்மாகாணம் முழுவதுக்கும் இப்பாட்டரி மின்சாரம் அளிக்குமா என்றால், சில நிமிஷங்களுக்கு மேல் அளிக்காது. ஓடும் வண்டியில் கடையாணி கழன்றால் மாற்று ஆணி கிடைக்கும் வரையில் தோள் கொடுப்பவனைப் போன்றது அதன் வேலை. 2017-ம் வருஷம் டிசம்பர் 14-ம் தேதி பின்னிரவில், பல நூறு மைலுக்கு அப்பால் விக்டோரியாவிலுள்ள லாய் யாங் என்னும் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் யந்திரம் ஒன்று திடீரென நின்றது. அதனை ஈடு செய்யக் கடமைப்பட்டிருந்த மற்றொரு நிலக்கரி நிலையம் வேகமெடுப்பதற்குள், ஜேம்ஸ்டவுன் பாட்டரி ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரத்தைச் செலுத்தியது. செலுத்திய அளவு 7 மெகாவாட்தான். எனினும் கொதிகலனும் சக்கரமும் இல்லாத ஒரு சாதனம் எவ்வளவு விரைவில் உதவிக்கு வரும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

2020-ம் வருஷத்தில் அப்பாட்டரி 150 மெகாவாட்டாக விஸ்தரிக்கப்பட்டது. அவ்வருஷம் ஜனவரி 31-ம் தேதி விக்டோரியாவில் புயலால் கோபுரங்கள் சாய்ந்து, தென் ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கு மேல் அண்டை மாகாணங்களிலிருந்து பிரிந்து தனித்து நின்றது. 2016-ல் போல இம்முறை இருள் சூழவில்லை. மின்னோட்டத்தின் வேகத்தை நிலைநிறுத்தியதில் அம்மாகாணத்தில் அப்போது இருந்த மூன்று பெரிய பாட்டரிகளுக்கும் பங்கு உண்டு. அவற்றில் ஒன்று, வாற்கோதுமை விளைச்சலுக்குப் பெயர்பெற்ற யார்க் தீபகற்பத்தில் 2018-ல் நிறுவப்பட்ட 30 மெகாவாட் பாட்டரி. பிரதானக் கம்பி அறுந்தாலும் அருகிலுள்ள காற்றாலைகளோடும் வீட்டுக்கூரைச் சூரியத் தகடுகளோடும் சேர்ந்து அவ்வட்டாரத்துக்குச் சிறிது காலம் மின்சாரம் அளிக்குமாறு அது அமைக்கப்பட்டிருக்கிறது. கம்பித் தொடரின் கடைக்கோடியில் வாழும் கிராமத்தார்க்கு இவ்வேற்பாடு விசேஷமாகப் பயன்படும்.

லாபமும் குறையும்

மின்னோட்டத்தை நிலைநிறுத்தும் சேவைக்கு முன்பெல்லாம் சில எரிவாயு நிலையங்களே விலை கூறிவந்தன. போட்டி இல்லாமையால் விலை மிகவும் ஏறியிருந்தது. பாட்டரி வந்தபின் அவ்விலை சரிந்தது. இதனால் மின்சாரச் சந்தைக்கு முதல் வருஷத்தில் சுமார் 4 கோடி டாலரும், 2019-ல் சுமார் 11 கோடியே 60 லட்சம் டாலரும் மிச்சமாயிற்று என்று ஓர் எஞ்சினீயர் ஸ்தாபனம் மதிப்பிட்டது.

குறைகளும் இல்லாமல் இல்லை. 2019-ம் வருஷம் ஜூலை முதல் நவம்பர் வரையில், ஒப்புக்கொண்ட அளவு உதவியைத் தரும் நிலையில் இப்பாட்டரி இருக்கவில்லை. ஆனால் தருவதாகக் கூறி அதற்குரிய பணம் பெற்று வந்தது. குவீன்ஸ்லாந்திலுள்ள ஒரு நிலக்கரி நிலையம் நின்றபோது இக்குறை வெளிப்பட்டது. 2022-ல் கோர்ட்டார் 9 லட்சம் டாலர் அபராதம் விதித்தனர். களஞ்சியத்தின் கதவைப் பார்த்து உள்ளே நெல் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

பாட்டரியின் அமைப்பு

லித்தியம் பாட்டரியில் இரண்டு தகடுகளும் அவற்றினிடையே ஒரு திரவமும் உண்டு. மின்சாரத்தைச் செலுத்தும்போது லித்தியம் அணுக்கள் ஒரு தகட்டை விட்டு மற்றொன்றில் சென்று தங்குகின்றன. மின்சாரத்தை எடுக்கும்போது அவை பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. பாட்டரியிலிருந்து வரும் நேர் மின்னோட்டம் இன்வர்ட்டரின் மூலம் மாறு மின்னோட்டமாக மாற்றப்பட்டுக் கம்பியில் சேர்கிறது. 100 யூனிட் செலுத்தினால் உத்தேசமாக 85 யூனிட் திரும்பக் கிடைக்கும். உபயோகிக்க உபயோகிக்கக் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைந்து வரும்.

இப்பாட்டரியைக் கண்டுபிடித்து வளர்த்ததற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அப்போது 97 வயதாயிருந்த குட்இனஃபின் சார்பில் பரிசுப் பேருரையை நிகழ்த்தியவர், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து மதுரையிலும் சென்னையிலும் கல்வி பயின்ற ஆறுமுகம் மந்திரம் என்ற பேராசிரியர். குட்இனஃபும் அவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியே, பிற்காலத்தில் இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த பாட்டரிக்கு வழி காட்டிற்று. விலையுயர்ந்த நிக்கலும் கோபால்ட்டும் இதற்கு வேண்டியதில்லை. உரமாக விவசாயிகள் அறிந்துள்ள பாஸ்பேட் இவ்விதமாக மின்சாரச் சேமிப்புக்கும் பயன்படுகிறது. மற்ற லித்தியம் பாட்டரிகளைக் காட்டிலும் இது எளிதில் தீப்பற்றாதது, விலையும் குறைவு. ஆகையால் மின்தொகுப்புகளுக்கு இவ்வகையே இப்போது பெரிதும் நாடப்படுகிறது.

2010-ம் வருஷத்தோடு ஒப்பிடும்போது லித்தியம் பாட்டரியின் விலை 2024-க்குள் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மோட்டார் வண்டிகளுக்கென்று ஏராளமாகச் செய்ததே இவ்விலைச் சரிவுக்கு முக்கிய காரணம். உலகில் இவற்றை மிகுதியாகச் செய்வதும், மிகுதியாக நிறுவுவதும் சீன தேசமே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 2024-ம் வருஷம் ஏப்ரலுக்குள் பாட்டரிகளின் சக்தி 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அங்குள்ளவை பெரும்பாலும் நான்கு மணி நேரம் மின்சாரம் அளிக்கக்கூடியவை. நடுப்பகல் வெயிலின் மின்சாரத்தை வாங்கி வைத்து, அந்தி நேரத்தில் அவை திருப்பித் தருகின்றன. இந்தியாவில் டில்லி ரோகிணியில் 2019-ல் 10 மெகாவாட் பாட்டரி ஒன்றும், சத்தீஸ்கரிலுள்ள ராஜ்நந்த்கானில் 2024-ல் சூரிய மின்சார நிலையத்துடன் கூடிய 40 மெகாவாட் பாட்டரி ஒன்றும் நிறுவப்பட்டன.

தீயினால் வரும் அபாயம்

பாட்டரியின் உள்ளே பழுது நேர்ந்து சூடு மிகுந்தால், அச்சூடு தானே மேலும் சூட்டை உண்டாக்கி அடுத்தடுத்த பெட்டிகளுக்குப் பரவும். இத்தீயைத் தண்ணீரால் எளிதில் அணைக்க முடியாது. பற்றிய பெட்டியை எரிந்து தீர விட்டு, பக்கத்திலுள்ளவற்றின் மீது நீர் தெளித்துக் குளிர்விப்பதே பெரும்பாலும் கையாளப்படும் முறை.

2021-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி விக்டோரியாவில் ஜீலாங் நகரத்தின் அருகே 300 மெகாவாட் பாட்டரியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டியில் தீப்பற்றி அடுத்த பெட்டிக்கும் பரவியது. குளிர்விக்கும் திரவம் கசிந்ததே காரணம் என்று தெரியவந்தது. சுற்றுப்புறத்தார் வீட்டுக்குள் இருக்குமாறும் ஜன்னல்களை மூடுமாறும் எச்சரிக்கப்பட்டனர். எவருக்கும் காயமில்லை. பெட்டிகள் வெட்டவெளியில் தனித்தனியே இருந்தமையால் தீ இரண்டு பெட்டிகளோடு நின்றது.

2025-ம் வருஷம் ஜனவரி 16-ம் தேதி கலிபோர்னியாவில் மாஸ் லாண்டிங் என்ற இடத்தில் நேர்ந்த விபத்து இதனினும் பெரிது. அங்கே 300 மெகாவாட் பாட்டரி பழைய மின்சார நிலையம் ஒன்றின் கட்டடத்துக்குள்ளேயே நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தது. அது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை. பாதிக்கு மேற்பட்ட பாட்டரிகள் எரிந்தன. சுமார் 1,200 பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்பிரதேசம் கீரை, ஸ்ட்ராபெரி முதலியன ஏராளமாகப் பயிராகும் மாவட்டம். அருகிலுள்ள சதுப்பு நிலத்தின் மேல்மண்ணில் மேற்படி உலோகங்கள் மிகுந்து படிந்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். விளைபொருளை வாங்குவோர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை பயிரிடுவோரைப் பற்றிக்கொண்டது.

இந்த இரண்டு விபத்துக்களையும் ஒப்பிட்டால், பாட்டரியின் வகையும், அடுக்கும் முறையும், பெட்டிகளுக்கிடையே விடும் இடைவெளியும் எவ்வளவு முக்கியமானவை என்பது தெளிவாகும்.

நிலம் கொடுப்போர் கவனிக்க வேண்டியவை

பாட்டரி நிலையத்துக்குத் துணை மின்நிலையத்தின் அருகிலுள்ள மேட்டு நிலமே ஏற்றது. ஆகையால் அத்தகைய நிலமுடையவர்களை நாடிக் கம்பெனிகள் வருவது இயற்கை. குத்தகைக் காலம் இருபது, முப்பது வருஷங்களாக இருக்கக்கூடும். நிலத்தைக் கொடுக்குமுன் பின்வருவனவற்றை ஆலோசிப்பது நலம்.

1. குத்தகைத் தொகையின் அளவை மட்டும் பார்த்தல் போதாது. குத்தகை முடிந்தபின் பெட்டிகளையும் காங்க்ரீட் மேடைகளையும் புதைத்த கம்பிகளையும் அகற்றி நிலத்தைப் பயிருக்குத் தகுந்ததாகத் திருப்பித் தருவது யார் பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். கம்பெனி கைமாறினாலும் முறிந்துபோனாலும் அச்செலவுக்கு ஈடாக ஒரு தொகை முன்கூட்டியே கட்டிவைக்கப்படுதல் நலம்.

2. தீ விபத்தால் பக்கத்து நிலத்துக்கும் பயிருக்கும் கால்நடைக்கும் நேரும் நஷ்டத்தைக் கம்பெனியின் இன்ஷ்யூரன்ஸ் ஏற்குமா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. பாட்டரி எவ்வகையானது, பெட்டிகள் வெட்டவெளியில் நிற்குமா, கட்டடத்துக்குள் அடைபடுமா என்று கேட்டறிய வேண்டும். வைக்கோற்போர், மாட்டுத் தொழுவம், குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து போதிய தூரம் விடப்பட வேண்டும்.

4. தீயணைக்கத் தெளித்த நீர் வாய்க்காலிலோ குடிநீர்க் கிணற்றிலோ கலவாதபடி தேக்கி வைக்கக் குட்டை அமைக்கப்படுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

5. வேலை தொடங்குமுன் நிலத்து மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்கச் செய்து, அச்சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னொரு நாள் தகராறு நேருமானால், முன்னிருந்த நிலையைக் காட்ட இதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

நன்செய் நிலத்தையும் பாசன வசதியுள்ள தோட்டத்தையும் இக்காரியத்துக்குக் கொடுப்பது புத்திசாலித்தனமாகாது. ஹார்ன்ஸ்டேல் பாட்டரி இருக்கும் பரப்பு சிறிதே. தரிசும் கல்லாங்குத்தும் உள்ளபோது விளைநிலத்தைத் தேடவேண்டிய அவசியம் இல்லை.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு

இத்தகைய நிலையம் வருகிறது என்று தெரிந்தவுடன் கிராம அதிகாரிகள் வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றின் எல்லைகளைக் கணக்கோடு ஒத்துப்பார்த்து வைத்தல் வேண்டும். மழைநீர் ஓடும் வழி அடைபட்டால் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். தீயணைப்பு வண்டி வந்து திரும்பத்தக்க பாதை உண்டா, அருகில் நீர்நிலை உண்டா, அபாய காலத்தில் ஊராருக்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு என்ன என்பதை முன்னரே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இவ்விஷயங்களில் சம்பந்தப்பட்ட இலாகாக்களின் விதிகளைக் கேட்டறிந்து ஊராருக்கு விளக்குவதும் அவர்கள் கடமையாகும். வதந்தியால் பயப்படுவதும், விசாரியாமல் கையெழுத்திடுவதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கவை.

விவசாயியின் சொந்தக் களஞ்சியம்

தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள் மின்சாரப் பம்புகளை ஓட்டுகின்றன. கயத்தாறு, முப்பந்தல் முதலிய இடங்களில் வைகாசி முதல் ஆவணி வரையில் காற்று மின்சாரம் மிகுகிறது. பகலில் சூரிய மின்சாரமும் பெருகி வருகிறது. மாலையில் வீடுகளின் தேவை உச்சத்துக்கு ஏறுகிறது. அந்நேரத்தில் பம்புகளும் ஓடினால் மின்தொகுப்புக்குப் பாரம் அதிகம்.

பாட்டரியில் சேர்த்த மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதன்று. முதலீடும் சேதாரமும் யாராவது ஒருவர் தலையில் விழுந்தே தீரும். ஆனால் பகலில் மின்சாரம் மலிந்திருக்கும்போது கிணற்று நீரை மேட்டிலுள்ள தொட்டிக்கு இறைத்து வைத்து, வேண்டியபோது மடை திறந்து பாய்ச்சும் விவசாயி, ஒரு பாட்டரியும் இல்லாமலேயே அந்த மின்சாரத்தைச் சேமித்தவனாகிறான். கடம்பாறையில் நடப்பதில் பாதி இதுவே. பெரிய செலவின்றி ஒவ்வொரு தோட்டத்திலும் இதனைச் செய்யலாம். இதனால் இரவில் கிணற்றுமேட்டில் காத்திருக்கும் தொல்லையும் பாம்புக்கடி அபாயமும் குறையும். இறைக்கும் அளவு மட்டும் பயிரின் தேவைக்கு மிஞ்சலாகாது. மின்சாரம் நாளைக்கும் பிறக்கும். வற்றிய ஊற்றுக்கு ஈடு செய்யும் களஞ்சியம் எங்கும் இல்லை.

தென் ஆஸ்திரேலியாவில் காய்டர் வரைந்த கோட்டைப் பல காலம் அலட்சியம் செய்தவர்கள் நஷ்டமடைந்தார்கள்; அதனை மதித்தவர்கள் நிலைத்தார்கள். புதிய சாதனத்துக்கும் அத்தகைய எல்லைகள் உண்டு. எவ்வளவு நேரம் தாங்கும், எவ்வளவு காலம் உழைக்கும், எவ்விடத்தில் வைக்கத் தகும் என்பவை அதன் எல்லைகள். அவற்றை அறிந்து அதனை ஏற்பவர்களுக்கு மின்சாரக் களஞ்சியம் நெற்களஞ்சியத்தைப் போலவே துணை நிற்கும்.